துணி துவைக்கும் கல்லில் ஒரு கப்பல்

கொச்சிக் கோட்டைக்குப் போய்வருகிறவர்கள் இப்போது படம் எடுத்து வந்து எனக்கே காட்டுகிறார்கள். இது டச்சுக்காரன் வீடு, இது சீன வலை, இது ராஜா கொட்டாரம் என்று சொல்லியும் தருகிறார்கள். கேட்டுக்கொள்வேன். நாலு பேர் மதிக்கிற ஆளாகிவிட்டால் கொஞ்சம் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் யாவாரத்துக்கு என்றில்லாமல், பழைய கட்டடங்களைச் சுற்றிப் பார்ப்பதற்கென்றே தென்காசியிலிருந்து பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு அந்தத் தீவுக்குப் போன முதல் ஆள் நான்தான். இதை மறுத்துச் சொல்ல இன்றைக்கு ஆள் இல்லை. அன்றைக்கும் இல்லை.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன். குற்றாலத்து மலைத் தோட்டங்களிலிருந்து மங்குஸ்தான் கூடையைத் தலைச்சுமையாக இறக்கிக்கொண்டிருந்தவன், முப்பது வயதுக்குள் அதே தோட்டங்களைக் குத்தகைக்கு எடுத்தேன். கிராம்பும் ஜாதிக்காயும் என் கைக்கு வராமல் மலையை விட்டு இறங்கியதில்லை. ஜாதிக்காயைக் காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடுகிற சத்தத்தில் காய்ச்சல் போதுமா, இன்னும் வெயில் வேண்டுமா என்று சொல்லிவிடுவேன். படித்தவன் எவனும் இதை எனக்குச் சொல்லித் தரவில்லை. செங்கோட்டைச் சந்தையில் மலையாளத்து யாவாரிகளோடு பேரம் பேசிப் பேசி மலையாளமும் படித்துக்கொண்டேன். அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

படித்தது என் மனைவிதான். எட்டாம் வகுப்பு. இங்கிலீஷ் எழுத்துகளைக்கூடக் கூட்டி வாசிப்பாள். அவளுடைய அப்பா குற்றாலத்தில் வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்றுக்குக் காவல்காரர். கிராம்புத் தோட்டத்தோடு சேர்த்துக் கட்டிய பங்களா. பங்களா வளவின் சுற்றுச்சுவருக்குள்ளேயே பின்பக்கம் அவர்களுக்கு ஒரு சின்ன வீடு. சமையல்காரர், தோட்டக்காரர், சீசனுக்கு வந்து தங்குகிறவர்கள் என்று பாதிப்பேர் மலையாளத்துக்காரர்கள். அவள் அந்தக் கூட்டத்துக்குள் வளர்ந்தவள்.

பங்களாவின் கிணற்றடியில் பெரிய கருங்கல் பலகை ஒன்று கிடந்தது. துணி துவைக்கிற கல். துவைத்துத் துவைத்து மேல்பக்கம் கண்ணாடி போல ஆகிவிட்டது. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, கல்லுக்கடியில் பாம்பு புகுந்துவிட்டது என்று நாலு பேர் கடப்பாரை போட்டுப் புரட்டியிருக்கிறார்கள். பாம்பு இல்லை. கப்பல் இருந்தது.

கல்லின் அடிப்பக்கத்தில் செதுக்கிய கப்பல். மூன்று பாய். கீழே இரண்டு வரி எழுத்து. இவள் முதலில் தேர் என்று நினைத்தாளாம். தேர் என்றால் சக்கரம் இருக்குமே, இதற்கு அலை அல்லவா இருக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்ததாம். அந்தச் சமயம் பங்களாவில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி தங்கியிருந்தாள். அவள் குனிந்து பார்த்துவிட்டு, "இது கல்லறைக் கல். செடி கொண்டுவந்தவர்கள் யாரோ கொச்சித் தீவிலிருந்து கொண்டுவந்திருக்க வேண்டும். அங்கே எங்கள் பழைய கோயிலின் சுவரில் இதே போல ஒன்று நிற்கிறது, நான் பார்த்திருக்கிறேன்" என்று சொன்னாள். சமையல்காரர் அதைத் தமிழில் சொல்ல, என் மாமனார் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். துவைக்கிற கல்லாயிற்றே என்று அதைப் பழையபடி கவிழ்த்துப் போட்டுவிட்டார்கள்.

கடைத்தெருவில் போய்ச் சொன்னார். குற்றாலத்துக் கடைத்தெரு லேசில் விடுமா?

"மலையில கப்பலாவே? அஞ்சருவியில துறைமுகம் வெட்டுதாவளோ?"

"சாரல் கொஞ்சம் கூடுதலாப் பெஞ்சா இலஞ்சி வரைக்கும் ஓட்டிட்டுப் போவாரு, விடும்."

அன்றிலிருந்து அவருக்குப் பெயரே கப்பல்காரர் என்று ஆகிவிட்டது. இவள் கப்பல்காரர் மகள். எனக்குப் பெண் பார்த்தபோது, "சீதனமா துறைமுகம் தாராகளாலே?" என்று என் கூட்டாளிகள் கேட்டார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். அவ்வளவு சிரிப்பிலும் அவர் ஒரு சொல்லை மாற்றவில்லை. கப்பல் உண்டு, அதற்கு ஜோடியும் கொச்சியில் உண்டு என்பார்.

பிறகு பங்களா கைமாறியது. புதிய முதலாளி கிணற்றடியைச் செம்மை பண்ணுகிறேன் என்று அந்தக் கல்லைக் கப்பல் கீழே இருக்கும்படியே போட்டுச் சுற்றிலும் சிமென்ட் பூசிவிட்டார். இனி யார் புரட்டுவது? கப்பலைப் பார்த்தவர்களில் மிஞ்சியது மாமனாரும் என் மனைவியும்தான்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்தாறு வருஷம் கழித்து மாமனாருக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. படுத்த இடத்தில் அவருக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. மகளைப் பார்த்து இதே பேச்சுத்தான்.

"நீ ஒருக்க போயிப் பாத்துட்டு வந்து சொல்லிருத்தா. இருக்கா, இல்லையா. எதுன்னாலும் சரி. தெரிஞ்சா போதும்."

ரயில் கொல்லத்தைத் தாண்டி எர்ணாகுளம் வரைக்கும் நீண்ட புதிது அது. நான் சரக்கு விஷயமாகக் கொச்சிக்கு அடிக்கடி போவேன். போவது மட்டாஞ்சேரிக் கிட்டங்கிக்கு. சரக்கைக் காட்டி விலை பேசிவிட்டு அடுத்த படகில் திரும்பிவிடுவேன். கோட்டைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இந்தத் தடவை அவளையும் கூட்டிப் போகிறேன் என்று மாமனாரிடம் நானே சொன்னேன். அவர் இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்பிள, வெள்ளக்காரன் கோயிலுன்னு கேளுங்க. சுவத்துல நிக்குன்னு சொன்னா" என்றார்.

சுரண்டையில் மளிகைக்கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், என்னிடம் கிராம்பு வாங்குகிறவர், நாங்களும் வருகிறோம் என்று சம்சாரத்தோடு சேர்ந்துகொண்டார். நாலு பேருமாகப் புறப்பட்டோம். செங்கோட்டை தாண்டி மலைக் குகைக்குள் ரயில் நுழைந்ததும் அண்ணாச்சி சம்சாரம் கண்ணை மூடிக்கொண்டு சாமி பேரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நான் வழி நெடுக விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தேன். புனலூர்த் தொங்குபாலம் எதற்காகக் கட்டியது, கொல்லத்தில் என்ன விளையும் என்று எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. என் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். முந்தானை முடிச்சில் ஒரு கரித்துண்டும் மடித்த தாளும் வைத்திருந்தாள். அந்தக் கப்பலைத் தாளில் ஒற்றி எடுத்து வந்து அப்பாவுக்குக் காட்டப் போகிறாளாம்.

எர்ணாகுளத்திலிருந்து படகு. முதலில் மட்டாஞ்சேரிக் கொட்டாரத்துக்கு, ராஜாவின் பழைய அரண்மனைக்குப் போனோம். சர்க்கார் எடுத்துப் பாதுகாக்கிற இடம். காவலாளி ஒருவர் ஒவ்வோர் அறையாகக் காட்டிக்கொண்டு வந்தார். சுவர் முழுக்க ராமாயணம் சித்திரமாக எழுதியிருந்தது. இங்கேதான் நான் நிமிர்ந்தேன். ராமாயணத்துக்கு எதற்குப் படிப்பு? ராத்திரி ராத்திரியாகக் கூத்துப் பார்த்து வளர்ந்தவன் நான். இது யாகம், இது பாயசம் கொடுக்கிற இடம், இது தாடகை என்று விரலை நீட்டி நீட்டிச் சொல்லச் சொல்ல, காவலாளியே நின்று கேட்டார். சுரண்டை அண்ணாச்சி, "ஏலே, நீ யாவாரத்துக்கு வந்தது தப்பு. கோயில்ல கதை சொல்லப் போயிருக்கணும்" என்றார்.

அந்த நிமிர்விலேயே வெளியே வந்து, "இந்தக் கொட்டாரம் டச்சுக்காரன் கட்டினது. அதான் இம்புட்டு உறுதி" என்றேன்.

வாசலில் ஒரு பலகை இருந்தது. என் மனைவி அதைக் கூட்டிக் கூட்டி வாசித்துவிட்டு, "கட்டினது போர்த்துக்கீசியன்னு போட்டிருக்கு. டச்சுக்காரன் பொறவு வந்து பழுது பாத்திருக்கான்" என்றாள்.

"பலகை எழுதுனவன் நேத்து வந்தவன். நான் பத்து வருசமா வந்துட்டிருக்கேன்."

அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். "தங்கச்சிக்கு எட்டாங்கிளாசு. ஒனக்கு ரெண்டாங்கிளாசு. யாரு சொல்லுதத நாங்க நம்ப?" என்றார். அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனாலும் என் முகம் மாறியிருக்க வேண்டும். என் மனைவி அதைப் பார்த்தாள். "அவுக சொல்லுததுதான் சரியா இருக்கும் அண்ணாச்சி. எனக்கு இங்கிலீசு அரகொறதான்" என்று முடித்துவிட்டாள்.

அங்கிருந்து கோட்டைப் பக்கம் நடந்தோம். டச்சுக்காரன் வீட்டுக் கதவுகளைப் பார்த்தோம். ஒவ்வொன்றும் யானை நுழைகிற மாதிரி. கடற்கரையில் சீன வலை நாலு காலில் எழுந்து இறங்குவதைப் பார்த்தோம். அங்கேதான் அவள் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "அப்பா சொன்ன எடம்" என்றாள்.

"கேட்டாப் போச்சு" என்று பக்கத்துச் சாயாக்கடைக்குப் போனேன். பெரிய புல் மைதானம் ஒன்று எதிரே கிடந்தது. என்னுடைய மலையாளத்தில் கேட்டேன்: "வெள்ளக்காரன் கோயில் எவிடெ?"

சாயாக்கடைக்காரர் யோசித்தார். "கோவிலோ? அது அம்பலமல்ல சேட்டா, பள்ளியாணு. பழய பள்ளி. அதா, ஆ மைதானத்தின்றெ அப்புறம்" என்று கையை நீட்டினார்.

மைதானத்துக்கு அந்தப் பக்கம் மரங்களுக்கு இடையில் ஓட்டுக் கூரையும் நீளமான பக்கச்சுவரும் தெரிந்தன. மைதானத்தில் ஒரே மாதிரி உடுப்புப் போட்ட பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். மைதானம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், பள்ளி என்று அவரும் சொல்லிவிட்டார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

திரும்பி வந்து சொன்னேன். "அங்கன கோயிலும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது பழைய பள்ளிக்கூடமாம்."

அண்ணாச்சி, "பள்ளிவாசலா இருக்கப்போவுதுலே" என்றார்.

"பள்ளிவாசல்னா வாசல்னு சேத்துச் சொல்ல மாட்டானா? பள்ளின்னுட்டு நிறுத்திட்டான். எனக்கு மலையாளம் தெரியாதா அண்ணாச்சி?"

"சரித்தான். கெட்டிக்காரன் கேட்டா சரியாத்தான் இருக்கும்."

"ஒரு எட்டு போயிப் பாப்பமா?" என்று என் மனைவி கேட்டாள்.

இதைச் சொல்லும்போதும் அந்தக் குரல் கேட்கிறது. பெரிய கெஞ்சல் எல்லாம் இல்லை. கடையில் உப்பு இருக்கிறதா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். பள்ளிக்கூட வாசல் என்றாலே அந்த நாளில் நான் எதிர்ச் சாரிக்கு மாறி நடப்பேன். வாத்தியார் யாராவது வந்து, யார் நீங்கள், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுவிடுவார்களோ என்றிருக்கும். எங்கள் தெருப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டப் பணம் கொடுத்த பிறகும் நான் உள்ளே போய் உட்கார்ந்ததில்லை. அவளுக்கு அது தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"பள்ளிக்கூடத்துல போயி நமக்கு என்ன சோலி? அந்தக் கிழவி என்னத்தையோ சொல்லியிருக்கா, ஒங்கப்பா என்னத்தையோ கேட்டிருக்காரு" என்றேன்.

அவள் மைதானத்துக்கு அந்தப் பக்கம் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "சரி. படகுக்கு நேரமாவுது" என்றாள்.

குற்றாலத்துக்கு வந்ததும் நேராக மாமனாரிடம் போனோம். நான் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் பேச்சைக் கோத்துக்கொண்டு வந்தேன். அவள் எனக்கு முன்னால் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாத்தேம்ப்பா."

கிழவருடைய பாதி முகம்தான் அசையும். அந்தப் பாதி அப்படியே அவளைப் பார்த்தது.

"இருக்கா?"

"இருக்கு. சுவத்துலதான் நிக்கி."

"மூணு பாயா?"

"மூணு பாய்தான். அடியில அலை. நம்ம கல்லு மாதிரியே."

அவர் இடது கையால் வாசலைக் காட்டி, "கடைத்தெருவுல ஒரு ஆளக் கூப்பிடுத்தா" என்றார். நானே போய் இரண்டு பேரைக் கூட்டி வந்தேன். அவர்கள் முன்னால் மகளை மறுபடி சொல்லச் சொன்னார். அவளும் சொன்னாள். வந்தவர்கள், "அப்பொ நெசந்தானா கப்பல்காரரே" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அந்த வருஷம் சாரல் தொடங்கும் முன்பே அவர் போய்ச் சேர்ந்தார். தேர்த் திருவிழாவுக்குப் போகிற மாதிரி முகம் தெளிவாக இருந்தது.

நான் என் மனைவியைப் பற்றிப் பெருமைப்பட்டேன். இல்லாத ஒன்றை இருக்கிறது என்று சொல்லிக் கிழவரைக் கரை சேர்த்துவிட்டாளே, என்னிடமிருந்துதான் இந்தச் சாமர்த்தியம் தொற்றியிருக்கிறது என்று நினைத்தேன். அவளிடமே சொன்னேன். அவள், "ஆமா" என்றாள். கரித்துண்டு அடுப்புக்குப் போயிற்று.

அதற்குப் பிறகு நான் வளர்ந்தேன். குற்றாலத்தில் சீசன் கடை போட்டேன். தென்காசியில் மாடி வீடு கட்டினேன். எங்கள் தெருவில் முதல் கார் என்னுடையது. அறுபதுகளின் பாதியில் ஒரு சீசன். ஞாயிற்றுக்கிழமை காலை. சாரல் பொட்டுப் பொட்டாக விழுந்துகொண்டிருந்தது. கடையில் என் மனைவி கிராம்பு பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் மூட்டை எடை பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டையும் முண்டும் உடுத்த மலையாளத்து அம்மா ஒருத்தி, கையில் ஜெபமாலையோடு வந்து கேட்டாள்.

"மோளே, இவிடெ பள்ளி உண்டோ?"

என் மனைவி நிமிரக்கூட இல்லை. "உண்டு அம்மச்சி. ஆ வளவு கழிஞ்ஞு இடத்தோட்டு போயா மதி. ஒன்பது மணிக்காணு பூசை" என்றாள். பள்ளிக்கூடத்தில் பூசை எங்கே நடக்கும்? அந்த அம்மா தலையாட்டிவிட்டு மாதா கோயில் பக்கம் நடந்தாள்.

என் கையில் எடைக்கல் அப்படியே இருந்தது. என் மனைவி மலையாளம் பேசி அன்றுதான் கேட்கிறேன். அதுவும் சந்தை மலையாளம் இல்லை. தண்ணீர் மாதிரி ஓடுகிற மலையாளம். அந்தப் பங்களா வளவில் பிறந்து வளர்ந்தவளுக்கு வராமல் எங்கே போகும்? நான்தான் ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டில் மலையாளம் தெரிந்தவன் நான் ஒருத்தன் என்றே வைத்திருந்தேன்.

கூட்டம் குறையும்வரை பொறுத்திருந்து கேட்டேன். "ஏட்டி, பள்ளின்னா கோயிலா?"

"ஆமா. அவுகளுக்கு அதான் பள்ளி."

"கொச்சியில அன்னைக்கே ஒனக்குத் தெரியுமா?"

அவள் பொட்டலத்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "தெரியும்."

"பொறவு ஏன் சொல்லல?"

"நீங்க தீத்துச் சொல்லிட்டீங்க. அண்ணாச்சியும் மதினியும் நிக்காக. கொட்டாரத்துல ஒருக்க வாயத் தொறந்ததுக்கே ஒங்க மொகத்தப் பாத்தேன். ரெண்டாவது தடவையும் நானே சொன்னா நல்லாவா இருக்கும்?"

"அதுக்காக அப்பாகிட்டப் பொய் சொன்னியே."

"வேற என்னத்தச் சொல்ல? ஒங்க மருமவனுக்குப் பள்ளின்னா என்னன்னு தெரியலப்பா, அதான் பாக்காம வந்துட்டோம்னு சொல்லச் சொல்லுதீங்களா?"

அவள் குரலில் கோபம் இல்லை.

கார் வாசலில்தான் நிற்கிறது, நாளைக்கே புறப்படுவோம், ஆரியங்காவு வழியாகப் போனால் ராத்திரிக்குள் எர்ணாகுளம், அந்தக் கோயிலில் ஒவ்வொரு கல்லாகப் பார்த்துவிட்டு வருவோம் என்று சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். முன்பு அந்த மைதானத்தைப் பார்த்தாளே, அப்படி அருவிச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்" என்றாள்.

"ஏன்?"

"போயிப் பாத்து, அது அங்கன இல்லேன்னா? சாவக் கெடந்த மனுசங்கிட்ட நான் சொன்னது முழுப் பொய்யாப் போயிரும்லா. இப்பொ அது பாதிதான். அப்படியே கெடக்கட்டும்."

"இருந்துச்சின்னா?"

"இருந்துச்சின்னா, அன்னைக்கே பாத்திருக்கலாமேன்னு இருக்கும்."

அதற்கு மேல் அந்தப் பேச்சை அவள் எடுக்க விடவில்லை. இரண்டு மூன்று சீசன் நானும் கேட்டுப் பார்த்தேன். பங்களாக் கிணற்றடிக் கல்லையாவது விலைக்கு வாங்கிப் புரட்டிப் போடுகிறேன் என்றேன். சிமென்டை உடைத்தால் கல் பிளந்துவிடும் என்று கொத்தனார் சொல்லிவிட்டார். வேண்டாம் என்று அதையும் அவள்தான் நிறுத்தினாள்.

கொச்சிக்கு நான் அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். மட்டாஞ்சேரியில் வேலை முடிந்ததும் கோட்டைப் பக்கம் நடந்து, மைதானத்துக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு சாயா குடிப்பேன். முன்பக்கம் போய்ப் பார்த்தால் சிலுவையும் மணியும் தெரியும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். இருநூறு தப்படி நடந்தால் வாசல். கேட்க ஆள் கிடையாது, தடுக்க ஆள் கிடையாது. ஆனால் அவள் பார்க்காததை நான் மட்டும் பார்த்துவிட்டு வந்து அவள் முகத்தில் எப்படி விழிப்பது? இருக்கிறது என்றாலும் இல்லை என்றாலும் என் முகத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு தடவை அதே சாயாக்கடைக்காரர், நாலைந்து வருஷமாக என்னைப் பார்க்கிறவர், கண்ணாடி தம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"எப்போழும் இவிடெ நின்னு நோக்குன்னுண்டல்லோ. சேட்டன் ஆ பள்ளி கண்டிட்டுண்டோ?"

"கண்டு. மூணு பாயுள்ள கப்பலும் கண்டு" என்றேன்.

அவள் தன் அப்பாவிடம் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். சாயாவைக் குடித்துவிட்டுப் படகுத் துறைக்குத் திரும்பினேன்.